திருப்பிச் சொல்லும் உரிமை

பனவடலிசத்திரத்துப் பக்கம் நண்பர் இருவர் ஒருவரையொருவர் 'ஏலே' என்றழைப்பர். அதில் அன்பு மணக்கும். அதே ஊர்க் காட்டில், இருபது வயது நிலக்காரர் மகன் அறுபது வயது உழைப்பாளியை 'ஏலே' என்பதையும், நரைத்த தலை 'ஐயா' எனக் குனிவதையும் நாம் கண்டிருக்கிறோம். சொல் ஒன்றுதான், வேற்றுமை எங்கே? திருப்பிச் சொல்லும் உரிமையில்!

ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் 'நீ', 'நீங்கள்' உண்டு. அவற்றை ஆராய்ந்த ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960-இல் விளக்கினர்: இருவரும் 'நீ' என்றால் தோழமை, ஒருவர் 'நீ' எனச் சொல்லி 'நீங்கள்' எனப் பெற்றால் அதிகாரம்.

1929 செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, பெயரில் தொங்கிய சாதி வாலை அறுக்கச் சொன்னது. பெயரில் அறுந்தது விளியில் முளைக்கலாமா? குனிந்தே பேசப் பழக்கப்பட்டவர், குறைந்த கூலியை எதிர்த்து நிமிர்வது எங்ஙனம்? தோழர்களே, வேலைத்தலத்தில் கூலியோடு மரியாதையும் கேட்போம். கொடுப்போம், கொடுத்ததையே பெறுவோம்!