சமம் வராத தாளம்

பிரெஞ்சு இசைமேதை ஒலிவியே மெஸ்ஸியான் 1940ல் ஜெர்மானியப் படையிடம் சிறைப்பட்டார். கெர்லிட்ஸ் நகரையொட்டிய போர்க்கைதிகள் முகாமில் வயலின், கிளாரினெட், செல்லோ கலைஞர்கள் மூவர் உடனிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து தான் பியானோ வாசிப்பதற்காக அவர் எழுதிய ‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’ 1941 ஜனவரி 15 அன்று முகாமிலேயே அரங்கேறியது.

விடுதலை நாள் தெரியாத கைதிக்குக் காலமே தண்டனை. அவன் முன் காலத்தை முடித்துவைப்பது எங்ஙனம்? இனிக் காலம் இராது என்று விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலில் அறிவிக்கும் தேவதூதனுக்கு இப்படைப்பு காணிக்கை. அந்த விசுவாசம் இல்லாத எங்களையும் இது பற்றிக்கொள்ளக் காரணம் இதன் கணக்கு.

கர்நாடக இசையில் பழகிய செவி எத்தனை சிக்கலிலும் சமத்துக்காகக் காத்திருக்கும். கோர்வை சமத்தில் வந்து விழும்போது, காலம் நம் கைக்குத் திரும்பிவிட்ட நிம்மதி. மெஸ்ஸியான் அதைத் தருவதில்லை. முதல் பகுதியில் பியானோவுக்கு 17 கால அளவுகளின் சுழற்சி ஒன்று, 29 ஸ்வரக்கூட்டுகளின் சுழற்சி மற்றொன்று. இரண்டும் பகா எண்கள் என்பதால் 493 அடிகள் கடந்தால்தான் ஒருசேரத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். அதற்கு வெகு முன்பே இசை நின்றுவிடுகிறது. அந்த 17 அளவுகளும் சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’ பட்டியலிடும் தேசி தாளங்களிலிருந்து பெற்றவை என்பது கூடுதல் வியப்பு. நம் தாளத்தை வாங்கிக்கொண்டு, சமத்தை மட்டும் எட்டாத தொலைவில் வைத்துவிட்டார்.

ஐந்தாம் பகுதியின் வழி வேறு. முடிவற்ற மெதுவில் வாசிக்க வேண்டும் என்பது குறிப்பு. பியானோ சீராகத் தட்டிக்கொண்டேயிருக்க, செல்லோவின் ஒற்றைக் குரல் நீள்கிறது. இங்கே எண்ணுவது எளிது, எண்ணத்தான் தோன்றுவதில்லை. கடிகாரத்தை மறைத்துவிட்டு இதைக் கேட்டோம். ஐந்து நிமிடம் என்றார் ஒரு நண்பர், கால் மணி நேரம் என்றார் இன்னொருவர். ஒலித்தட்டு காட்டியதோ எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பைக் கொண்டே நாம் காலத்தை அளக்கிறோம் போலும். அது தளர்ந்தால் அளவுகோலும் தளர்கிறது.

அன்றைய இசைக்குப் பின்னும் முகாம் முகாமாகவே இருந்தது. கைதிகள் மறுபடி எண்ணப்பட்டிருப்பார்கள். ஆனால் அந்த மாலையின் சில நிமிடங்களையேனும் எந்தக் காவலனாலும் தண்டனைக் கணக்கில் சேர்த்திருக்க முடியாது என்றே நம்புகிறோம்.