நான்காவது சிலிண்டருக்குப் பின்னால்

பழைய அம்பாசடர் சூடேறுகிறது என்று கொண்டுபோனால், பல பட்டறைகளில் முதலில் கழற்றிப் போடுவது தெர்மோஸ்டாட்டை. அடுத்த பழி ரேடியேட்டர் மேல் விழும். புதுப்பேட்டையில் நான் பார்த்த மார்க் 2 இந்த இரண்டு வைத்தியத்தையும் தாண்டி வந்திருந்தது. தெர்மோஸ்டாட் இல்லை, ரேடியேட்டரும் சில மாதங்களுக்கு முன்தான் சுத்தம் செய்யப்பட்டது. ஆனாலும் சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் மளமளவென ஏறுகிறது என்றார் வண்டிக்காரர்.

ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கும் பாய் அறுபதைத் தாண்டியவர். வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாமா என்று நான் கேட்டிருந்தேன். "வாங்க சார், ஆனா கை வைக்கிற இடம் பாத்து வைங்க" என்றார். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே வண்டிக்காரரிடம் ஒரு கேள்வி: "என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"போர் தண்ணிதான் பாய்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டதும் கரையாத சுண்ணாம்பாக மாறிப் படிகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக ஏறுகிறதே, அதேதான். எஞ்சின் பிளாக்கோ வார்ப்பிரும்பு. அதன் துருவும் சேர்ந்துகொள்ளும். குறைந்த தண்ணீரை ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புதுச் சுண்ணாம்பும் புது ஆக்ஸிஜனும் உள்ளே போகின்றன. கூலண்ட் என்பது பனி விழும் ஊர்க்காரர்களுக்கானது என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். நமக்கு வேண்டியது அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்து. அதை விட்டுவிட்டு வெறும் தண்ணீரில் ஓட்டிய வருடங்களின் கணக்கு பிளாக்குக்குள் சேர்கிறது.

எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தினார். விசிறி எஞ்சின் பெல்ட்டில் சுற்றுவது, அதனால் அதுவும் நின்றது. புறங்கையால் ரேடியேட்டரின் முகத்தை மேலிருந்து கீழாகத் தடவினார். அடைபட்ட குழாய்களில் வெந்நீர் ஓடாது. அந்த இடம் மட்டும் தணிந்திருக்கும். வலப்பக்க ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. "இது புதுசா அடைச்சது. சரக்கு வேற எடத்துலேர்ந்து வருது."

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் டேப்பைத் திறந்தார்கள். செங்கல் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. பிளாக்கின் பின்கோடியில் இருக்கும் டேப்பையும் திறந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. டேப்பையே கழற்றிவிட்டுத் துளைக்குள் கம்பியை விட்டுக் குடைந்தபோது முனையில் கருஞ்சிவப்புச் சேறு அப்பிக்கொண்டு வந்தது.

இதற்குக் காரணம் எஞ்சினின் அமைப்பு. 1489 சிசி பிஎம்சி பி சீரிஸ் எஞ்சின் இது. எம்ஜிஏ என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே குடும்பம்தான். தண்ணீர் பம்ப் முன்னால், தெர்மோஸ்டாட்டும் முன்னால். பின்கோடியில் நான்காவது சிலிண்டரைச் சுற்றி ஓட்டம் மந்தம். கனமான துருவும் மண்ணும் அங்கே போய்ப் படிந்து இறுகுகின்றன. அந்த சிலிண்டரின் கீழ்ப்பகுதி தண்ணீருக்குப் பதில் சேற்றில் நிற்கிறது. மேலே டேங்க் நிரம்ப நீர் இருந்தாலும் அதற்குப் பயனில்லை.

பாய் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்த கோர் பிளக் ஒன்றைத் தட்டித் திருப்பிப் பிடுங்கினார். கிண்ணம் போன்ற எஃகு மூடி. உட்புறம் துரு தின்று தாள் கனத்துக்கு வந்திருந்தது. உறைபனியிலிருந்து காக்க வைத்த மூடி என்று பலர் சொல்வார்கள். உண்மையில் வார்ப்படச் சாலையில் நீர் ஓடும் அறையை உருவாக்க வைத்த மணல் கருவைத் தாங்கவும், பிறகு அந்த மணலை வெளியேற்றவும் விட்ட துளைகள் அவை. அன்று முழுதும் வெளியேறாத மணல் இன்றும் சேற்றோடு வருவதுண்டு. அவர் வழித்தெடுத்ததை விரலில் தேய்த்துக் காட்டினார், நறநறவென்றது.

தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய வாயில் ஹோஸைச் செருகி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிராகத் தண்ணீர் விட்டார்கள். நடுநடுவே கம்பி, மறுபடி தண்ணீர். மதியம் வரை இதுதான். வெளியே வரும் நீரை வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சேறு நின்று மங்கலானதும்தான் சிட்ரிக் ஆசிட் கரைசலை ஊற்றினார். மிச்சத் துருவை அது கரைக்கும். பின்னர் சமையல் சோடா கலந்த நீரால் அமிலத்தை முறித்து, மறுபடி கழுவினார். இவ்வளவும் நடக்கும்போது ரேடியேட்டர் வண்டியில் இல்லை. அதை மாட்டியபடியே மருந்து ஊற்றினால், பிளாக்கில் பெயர்வதெல்லாம் மெல்லிய குழாய்களில் போய்ச் சிக்கிக்கொள்ளும். முந்தைய பட்டறை ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்து மாட்டியது. பிளாக்கின் சேறு அதை மறுபடி அடைத்துவிட்டது.

கழற்றிய ரேடியேட்டர் பட்டறைப் பையன் ஒருவனின் கையில் இருந்தது. ஊதுவிளக்கால் பற்றை இளக்கி மேல் டேங்கைப் பிரித்தான். செம்பும் பித்தளையுமான கோரின் குழாய்வாய்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் மெல்லிய பட்டைக் கம்பியை விட்டு அடிவரை இறக்கி எடுத்தான். குழாயின் சுவர் அவ்வளவு மெலிது. கோணலாகத் தள்ளினால் கிழியும். அவன் கை தயங்கிய இடத்தில் நின்று, திருப்பி, மறுபடி இறங்கியது. கற்றுக்கொள்ளவே வருடங்கள் ஆகும் வேலை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் உணர முடிந்தது.

பிறகு திரும்பப் பற்றவைத்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைக் கரைத்த திரவத்தைத் தடவி, வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றை உருக்கி ஓட்டினான். புகை நேராக முகத்துக்கு எழும்பியது. கையுறை இல்லை, மூக்கு மூடி இல்லை. அதே கையைத் துணியில் துடைத்துவிட்டு டீ வாங்கிக் குடித்தான். ரேடியேட்டர் பற்றவைப்பவர்களின் ரத்தத்தில் காரீயம் ஏறுவது பல நாடுகளின் மருத்துவ ஆய்வுகள் கண்ட உண்மை. உடையில் ஒட்டிய தூசி வீட்டுக் குழந்தைகள்வரை போகும். எனக்கு இது பொறுக்கவில்லை. பாயிடம் சொன்னேன். "ஃபேன் ஒண்ணு வச்சேன் சார், நெருப்பு அலையுதுன்னு எடுத்துட்டானுங்க" என்றார். புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி, கை கழுவத் தனிக் குழாய், ஆண்டுக்கொரு ரத்தப் பரிசோதனை: இவை பெரிய செலவல்ல. பாலிஷுக்கும் பெயின்ட்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கும் பழைய கார் பிரியர்கள், இந்தக் கூலியில் பேரம் பேசாமல் இருந்தாலே பாதி வழி பிறக்கும். இந்தக் கைகள் போனால் அந்த வண்டிகள் காட்சிப் பொருள்தான். இப்போதைய கார்களின் ரேடியேட்டர் அலுமினியமும் பிளாஸ்டிக்கும். பெரும்பாலும் பழுதானால் புதிதுதான் மாட்டுகிறார்கள். பையன்கள் இந்தத் தொழிலுக்கு வருவது குறைந்துவிட்டது என்று பாய் சொன்னார்.

ரேடியேட்டரின் வாய்களை ரப்பரால் அடைத்து, காற்றேற்றி, தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார்கள். குமிழி இல்லை. மேலே ஒரு வாளி நீரைக் கவிழ்த்தபோது கீழ்வாய் முழுக்க நிறைந்து கொட்டியது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையமும் விறைத்திருந்தது, அதைப் பாய் மாற்றினார். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி ஒழுங்காக இருந்தால் தண்ணீர் ஏறத்தாழ 110 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் போனால் 100-லேயே கொதித்துவிடும்.

தெர்மோஸ்டாட் திரும்ப வந்தது. வெப்ப நாடுகளுக்கென்று 74 டிகிரியில் திறக்கும் வகை உண்டு, அதையே போட்டார். அது இல்லாமல் ஓடும் எஞ்சின் நெடுஞ்சாலையில் தேவையான சூட்டுக்கே வராது, எண்ணெயும் கெடும் என்பது அவர் கட்சி. நானும் அதை ஏற்கிறேன். புது கோர் பிளக், காய்ச்சி வடித்த நீர், கூலண்ட். காற்று உள்ளே சிக்காதபடி மூடியைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டார். வெயிலில் நிறுத்தி அரைமணிக்கு மேல் ஓடியது. முள் நடுவில் நின்றது.

"மாசம் ஒரு தடவ, ஆறுன எஞ்சின்ல, பிளாக் டேப்பைக் கொஞ்சம் திறந்து பாருங்க" என்று வண்டிக்காரரிடம் சொன்னார். "கலரு மாறுனா வடிச்சிடுங்க."

"வழியில தண்ணி குறைஞ்சா பாய்?"

"எது கெடைக்குதோ ஊத்துங்க, சூட்டோட ஓட்டாதீங்க. ஆனா எஞ்சின் ஆறட்டும், சூடா இருக்கும்போது ஊத்துனா ஹெட் வெடிச்சிடும். ஊருக்கு வந்ததும் அந்தத் தண்ணிய எடுத்துட்டு கூலண்ட் போட்டுக்குங்க."