பக்கத்தைத் திருப்பினால் மீதிக் கதை

வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு ஓவியர்கள் மீது சின்னப் பொறாமை உண்டு. சொல் ஒரே திசையில்தான் போகும்; கோடு அப்படியல்ல.

1903 முதல் 1905 வரை ‘நியூயார்க் ஹெரால்டு’ நாளிதழின் ஞாயிறு பதிப்பில் குஸ்தாவ் வெர்பீக் ஒரு படக்கதை வரைந்தார். வரைந்தவை ஆறு கட்டங்கள், கதையோ பன்னிரண்டு. ஆறையும் படித்துவிட்டுத் தாளைத் தலைகீழாக்கினால், அதே படங்களில் மீதிக் கதை. சிறுமி முதியவராகிவிடுவாள். தீவும் படகும் ராட்சதப் பறவையாகிவிடும்.

செலாயாங்கில் அக்காள் மகனுக்கு அதைக் கைக்கணினியில் காட்டினேன். அவன் கருவியைத் திருப்ப, படமும் கூடவே திரும்பி நேராக நின்றது! “மாமா, மாறவே இல்லையே!” என்றான். அச்செடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.

திரை எதையும் நமக்காக நேராக்கிவிடுகிறது. தாள் அந்த வேலையை நம் கையிடமே விடுகிறது. குழந்தைக்கு வேண்டியது அந்த வேலைதான்.

இன்று வீட்டில் ஒரு மொட்டைத் தலையை வரையுங்கள். அடர்ந்த தாடி வையுங்கள். கவிழ்த்தால் தாடி தலைமுடியாகும், மொட்டை முகவாயாகும். கண்ணையும் வாயையும் இரு பக்கத்துக்கும் பொருந்த வைப்பதுதான் சவால். இந்தப் பக்கத்தின் ஓரமே போதும்.