நீர் எப்படி இருக்கிறீர்?

என் தங்கைக்கு முதற்பிள்ளை பிறந்தபோது எங்கள் வீட்டில் கவனிப்புக்குக் குறைவிருக்கவில்லை. அம்மா சரக்கரைத்துப் பத்தியக்கறி சமைத்தார்; பெரியம்மா வேப்பிலை அவித்த நீரில் குளிக்க வார்த்தார்; அயலவர் குழந்தையின் நிறத்தையும் மூக்கையும் ஆராய்ந்தனர்.

மூன்றாம் வாரத்தில் தங்கை உறக்கத்தை இழந்தாள். குழந்தை உறங்கிய வேளையிலும் முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். “கண்ணூறு” என்று நூல் கட்டினார் பெரியம்மா. “பால் கொடுக்கப் பஞ்சிப்படுகிறாள்” என்றார் மாமியார். நானோ மேடைகளிற் பெண் விடுதலை பேசும் ஆசிரியன். “பிள்ளைக்காகவாவது தைரியமாயிரு” என்று உபதேசித்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போனேன். இன்றும் என்னைச் சுடுவது அந்த வாக்கியந்தான்.

குழந்தையை நிறுக்க வந்த குடும்பநல மாது, வேலை முடிந்த பின்னரும் எழுந்து செல்லவில்லை. “பிள்ளை நல்லாயிருக்கிறான். நீர் எப்படி இருக்கிறீர்?” என்று கேட்டார். அதுவரை நாங்கள் எவரும் கேளாத கேள்வி அது. தங்கை வாய்விட்டு அழுதாள்.

எடின்பரோ வினாக்கொத்து என்றொன்று 1987 முதல் வழக்கில் உண்டு. அதில் 10 வினாக்களே உள்ளன. கடந்த 7 நாட்களிற் சிரிக்க முடிந்ததா, துயரத்தால் உறக்கம் கெட்டதா என்று கேட்கும் அது, தனக்குத் தானே தீங்கிழைக்கும் எண்ணம் வந்ததா என்ற வினாவுடன் முடிகிறது. அந்த இறுதி வினாவுக்குத் தங்கை அளித்த விடை எங்களைக் கதிகலங்க வைத்தது. அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். சிகிச்சை பெற்றாள், சில மாதங்களில் மீண்டும் சிரித்தாள்.

இஃது அவளொருத்தியின் விதியன்று. வளர்முக நாடுகளிற் கருவுற்றோரில் 15.6 வீதத்தினரும், பிள்ளை பெற்றோரில் 19.8 வீதத்தினரும் மனநலக் குறைவுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வறுமையும் கணவனின் வன்முறையும் துணையின்மையும் இந்நோய்க்கு எருவிடுகின்றன. தாய்மையைத் தெய்வமாக்கும் நம் வழக்கமோ நோயாளியின் வாயையே கட்டிவிடுகிறது. தெய்வம் “எனக்கு இயலவில்லை” என்று சொல்லலாமா?

களுத்துறையில் 1926இல் முதற் சுகாதாரப் பிரிவு தோன்றிய நாட்டினர் நாம். தாய்சேய் நலத்தைக் குடிசை வாசலுக்கே கொண்டுவந்த பெருமை நமக்குண்டு. குழந்தையின் நிறையைக் குறித்துக்கொள்வதைப் போலத் தாயின் மனத்தையும் கேட்டறிய, அந்த மாதுக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். இரவில் அழும் பிள்ளையைத் தூக்கத் தந்தையின் கையும் வேண்டும். இவற்றைக் கோருவது கருணை வேண்டுதலன்று, உரிமை கேட்டல்.

உபதேசத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், தொட்டிலை எட்டிப் பார்க்குமுன் தாயிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கிறேன்.