குருசுக்குப்பத்தில் நாங்கள் எடுக்காமல் விட்ட பிணம்

எங்களிடம் ஒரு பிணம் தயாராக இருந்தது. ஒரு சிக்கன் பிரியாணிக்கு ஒப்புக்கொண்ட பிணம். எங்கள் வகுப்பிலேயே ஒல்லியான பையன். நாற்பது நொடி வரை மூச்சை அடக்கிக் காட்டுவான். அவனை வலையில் சுற்றி, குருசுக்குப்பம் கடற்கரைக் கருங்கற்கள் மேல் கிடத்தி, விடியற்காலை வெளிச்சத்தில் முகத்துக்கு ஒரு க்ளோஸ்-அப். இதுதான் எங்கள் த்ரில்லரின் முதல் ஷாட். அந்த ஷாட்டை நாங்கள் கடைசிவரை எடுக்கவில்லை.

இதழியல் டிப்ளமோ படித்தபோது நடந்த கதை இது. இரண்டாவது செமஸ்டரில் ஐந்து பேர் கொண்ட குழுவாக ஒரு குறும்பட வேலை கொடுத்தார்கள். முழுப் படமும் எடுக்க வேண்டாம், ஒரு த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடம் போதும், டைட்டிலும் அதற்குள் வர வேண்டும். பிரிட்டனில் பள்ளியில் ஊடகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதே மாதிரி ஒரு தேர்வுப் பணி பல வருடம் இருந்ததாம். எங்கள் ஆசிரியர் அதைத்தான் எங்கள் தலையில் இறக்கினார்.

"முதல் ரெண்டு நிமிஷத்துல பார்க்கிறவனுக்கு ஒரே ஒரு கேள்வி வரணும். ரெண்டு கேள்வி வந்தா குழப்பம். ஒண்ணுமே வரலைன்னா தூக்கம்" என்றார்.

பட்ஜெட் ஆளுக்கு 700 ரூபாய். இரண்டு செல்போன், கடன் வாங்கிய ஒரு ஸ்டாண்ட், ஒரு குட்டி மைக். லொகேஷனை நான்தான் சொன்னேன். எங்கள் வீடு முத்தியால்பேட்டை. சின்ன வயதில் அம்மாவோடு மீன் வாங்கப் போன இடம் குருசுக்குப்பம்.

புதுச்சேரி என்றால் சினிமாவுக்குத் தெரிந்தது ஒயிட் டவுன்தான். மஞ்சள் சுவர், காகிதப்பூ, சைக்கிளில் போகும் கதாநாயகி. 'லைஃப் ஆஃப் பை' தொடங்கி 'நானும் ரௌடிதான்' வரை எத்தனையோ கேமராக்கள் இந்த ஊருக்கு வந்துபோய்விட்டன. ஆனால் காந்தி சிலையிலிருந்து கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே கொஞ்ச நேரம் நடந்தால், சுற்றுலாக்காரர்கள் திரும்பிவிடுகிற இடத்துக்கு அந்தப் பக்கம் குருசுக்குப்பம் தொடங்கிவிடும். குருசு என்றால் சிலுவை. பெயரிலேயே ஒரு த்ரில்லர் இருக்கிறதே என்று எங்கள் கேமராமேன் குதித்தான்.

குழுவில் பெரிய சண்டை ஒன்றும் நடந்தது. "பிணத்தைக் காட்டித்தான் ஆரம்பிக்கணுமா?" என்று நான் கேட்டதற்கு, 'அந்த நாள்' படத்தைச் சாட்சிக்கு இழுத்தார்கள். 1954-ல் எஸ்.பாலசந்தர் இயக்கிய படம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாகிறார். சுட்டது யார் என்பதுதான் மீதிப் படம். அதற்கு மேல் என்ன பேசுவது?

கேமராமேனின் அப்பா 'ஊமை விழிகள்' ரசிகர். 1986-ல் அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து எடுத்த படம் அது. ஆபாவாணன் எழுதித் தயாரித்தார், அரவிந்தராஜ் இயக்கினார். காணாமல் போகும் பெண்கள், அதைத் தோண்டும் ஒரு பத்திரிகை, விசாரிக்கும் போலீஸ் அதிகாரியாக விஜயகாந்த். "பத்திரிகை படிக்கிற நீங்க இதைப் பார்க்காம த்ரில்லர் எடுக்கக் கூடாது" என்று அவர் எங்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். படம் முடிந்ததும் எங்களுக்கு ஒரு தெம்பு வந்தது. மாணவர்கள் என்றால் சின்னதாகத்தான் யோசிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

அந்தத் தெம்போடு ஒரு சாயங்காலம் இடம் பார்க்கப் போனோம்.

குருசுக்குப்பத்தில் கடல் இருக்கிறது. கரை என்று சொல்லத்தான் அதிகம் இல்லை. கருங்கல் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டியபோது அந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே இருந்த கரைகளுக்கு வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. கடல் தின்றுகொண்டே வர, கல் கொட்டிக்கொண்டே போனார்கள். 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் தடுப்பு போட்ட பிறகு அந்தப் பக்கம் மணல் திரும்பி வந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. ஆனால் நாங்கள் போன அன்று, எங்கள் லொகேஷனில் கற்களுக்குக் கீழே ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் மணல் இருந்தது.

எங்களுக்கு அதெல்லாம் பின்னணி அழகு. "தலை இந்தக் கல்லு மேல, கை தொங்கட்டும்", "வாய் லேசா திறந்திருக்கணும்", "போலீஸ் தொப்பி சிவப்புல்ல, அது ஃப்ரேமுக்குள்ள வந்தா கலர் தூக்கும்" என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம். பிணம் கல்மேல் படுத்துப் பார்த்து, நண்டு ஓடுகிறது என்று எழுந்து ஓடியது. எல்லோரும் சிரித்தோம்.

பக்கத்தில் அலுமினியக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, பொணம் பொணம்னு பேசிக்கிறீங்க?"

சொன்னேன். சினிமா என்றதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"என் தம்பி அப்படித்தான் வந்தான். எனக்கு அப்ப கல்யாணம் ஆவல. இங்கெல்லாம் மணலு அப்போ. மூணாம் நாளு வந்தான். மொகத்தைப் பாக்க உடல. இன்னி வரைக்கும் நான் பாக்கல."

யாரும் பேசவில்லை. ஒல்லிப் பையன் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

அவரே தொடர்ந்தார். "கடலுக்குப் போறவன் செருப்பைக் கரையில உட்டுட்டுத்தான் போவான். வந்து மாட்டிக்கினு வூட்டுக்கு வருவான். அன்னிக்கு மத்தவங்க செருப்பெல்லாம் போயிடுச்சு. அவன் செருப்பு மட்டும் கெடந்துச்சு. எங்கம்மா எடுக்க உடல. எடுத்துட்டா அவன் வரமாட்டான்னு ஆயிடுமாம். அவன் வந்த பொறவும் ரொம்ப நாளு அங்கியேதான் கெடந்துச்சு."

இருட்டியதும் ஆயா கிளம்பிவிட்டார். நாங்கள் அஜந்தா சிக்னல் அருகே டீக்கடையில் நின்று, ஆளுக்கு இரண்டு டீ குடிக்கிற வரைக்கும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கேமராமேன்தான் ஆரம்பித்தான்.

"நாலு பேர் போட்ல வந்து இறங்கறாங்க. கரையில அஞ்சு ஜோடி செருப்பு."

ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி. இதைத்தானே சார் கேட்டார்!

சஸ்பென்ஸ் பற்றி ஹிட்ச்காக் சொன்ன மேஜை உதாரணத்தை வகுப்பில் படித்திருந்தோம். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது பார்க்கிறவருக்குத் தெரிந்து, அங்கே உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், அவர்கள் பேசுகிற சாதாரணப் பேச்சும் பதற வைக்கும். 'ஜாஸ்' படத்தின் முதல் காட்சியிலும் சுறா கண்ணில் படுவதில்லை. இரவு, கடல், ஒரு பெண், தண்ணீருக்கு அடியில் ஏதோ இழுக்கிறது, அவ்வளவுதான். காட்டாமல் விடுவது பணமில்லாதவர்களுக்கும் நல்ல வழி என்று எங்களுக்கு அன்றுதான் புரிந்தது. செருப்புக்குப் பிரியாணி வாங்கித்தர வேண்டாம்.

ஆனால் ஒரு உறுத்தல் இருந்தது. இது அந்த ஆயாவின் செருப்பு. நாமாக எடுத்துக்கொள்ளலாமா? "ஐடியா யாருக்கும் சொந்தமில்லை" என்று ஒருத்தன் சொன்னான். எனக்கு ஒப்பவில்லை. மறுநாள் போய்க் கேட்டேன். கதையைச் சொன்னேன். கடைசி ஷாட்டில் ஒரு பெண்ணின் கை வந்து அந்த ஐந்தாவது செருப்பை எடுக்கும், அது உங்கள் கையாக இருக்குமா என்றும் கேட்டுவிட்டேன்.

"மொகம் வாணாம். கை எடுத்துக்கோ" என்றார்.

எங்கள் திட்டம் இதுதான். முதல் 15 நொடி கறுப்புத் திரை, அலைச் சத்தமும் தூரத்தில் மோட்டார் சத்தமும் மட்டும். பிறகு படகின் மூக்கு மணலில் முட்டும். கால்கள் மட்டும் இறங்கும். ஒவ்வொரு ஜோடிக் காலும் ஒவ்வொரு ஜோடிச் செருப்பை மாட்டிக்கொண்டு ஃப்ரேமைவிட்டுப் போகும். பார்க்கிறவர் தன்னையறியாமல் எண்ணத் தொடங்க வேண்டும். நான்காவது ஆள் போகும்போது ஒரு நொடி தயங்கி நிற்பார், திரும்ப மாட்டார். மிஞ்சிய செருப்பு. கை. டைட்டில்.

சூரியன் வருவதற்கு முன்னால் கடல் நீலமாக இருக்கும் நேரம் இருபது நிமிடம்தான். அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஐந்து மணிக்கே போய் நின்றோம். படகு ஒத்துக்கொண்ட அண்ணன்கள் கடலில் இருந்து வந்ததோ ஆறேகாலுக்கு. நீலமெல்லாம் போய் வெயில் கண்ணில் குத்தியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு தடவைதான்மா. மீனு கெட்டுரும்" என்றார் ஒரு அண்ணன்.

வெயில் தாழ்வாக விழுந்ததில் கால்களின் நிழல் மணலில் நீளமாகக் கிடந்தது. ஆள் ஃப்ரேமைவிட்டுப் போன பிறகும் நிழல் ஒரு நொடி செருப்புகள் மேல் படிந்துவிட்டுப் போனது. நாங்கள் போட்ட திட்டத்தில் அது இல்லை. திட்டமிட்ட நீலத்தைவிட நன்றாக இருந்தது.

கடைசியாக ஆயாவின் ஷாட். "ஆயா, வந்து செருப்பை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றேன். கேமரா ஓடியது. அவர் கை ஃப்ரேமுக்குள் வந்தது. ஒரு செருப்பைத் தூக்கி, மணலை உதறி, மறுபடி கீழேயே வைத்தது. இன்னொன்றையும் அப்படியே. இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து, வார் அறுந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி ஒரு தடவு தடவிவிட்டு, போய்விட்டது.

"ஆயா, எடுக்கணும்..." என்று ஆரம்பித்த கேமராமேனை நான் நிறுத்தினேன்.

அவர் முந்தாநாள் சொன்னதை, கேட்டுக்கொண்டிருந்த நாங்களே மறந்துவிட்டோம். எடுத்துவிட்டால் வரமாட்டான் என்று ஆகிவிடும். இது தெரிந்த ஒருவரிடம், எடுங்கள் என்று எழுதி நீட்டியிருக்கிறோம். அவர் எங்களைத் திட்டவில்லை. எங்கள் தப்பைக் கையாலேயே திருத்திவிட்டுப் போனார். கதைக்கும் அதுதான் சரியாக வந்தது. எடுத்துக்கொண்டு போயிருந்தால் அது யாரோ ஒருத்தி. தட்டி வைத்துவிட்டுப் போனதால், அந்தச் செருப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

படத்துக்கு நல்ல மார்க் கிடைத்தது. "பிணம் எங்க?" என்று சார் கேட்டார். "அதைத்தான் சார் தேடணும்" என்றான் ஒல்லிப் பையன். பிரியாணியை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்ல பெண் என்று சொல்லிக்கொண்டு போய்விடலாம்.

படிப்பு முடிந்து நான் முதலில் சேர்ந்த டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு கடற்கரையில் ஆண் உடல் ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. வாட்ஸ்அப்பில் போட்டோவும் வந்தது. முகத்தை மட்டும் மறைத்துவிட்டு, அதையே முகப்புப் படமாக வைத்தேன். 'பதறிய மக்கள்' என்று தலைப்பிலும் ஒரு சொல்லைச் சேர்த்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மாலையில் அலுவலகத்துக்கு ஒரு போன். எடுத்தது நான். "அந்தச் சட்டை நான் வாங்கிக் குடுத்ததுங்க. அம்மா செல்லுல பாத்துடுவாங்க. எடுத்துடுங்க" என்றது ஒரு பெண் குரல். முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். சட்டையிலேயே தெரிந்துகொள்கிறவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு செருப்பிலேயே தெரிந்துகொண்ட ஒருவரிடம் பாடம் படித்துவிட்டு வந்தவள் நான்.

படத்தை மாற்ற இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் எத்தனை பேர் செல்லுக்குப் போயிருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து கடலில் இறந்தவர் பற்றிய செய்தி என் கைக்கு வந்தால் அலையையோ படகையோதான் படமாக வைக்கிறேன். எண்ணிக்கை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

போன மாதம் விடுமுறையில் வந்தபோது குருசுக்குப்பம் போனேன். ஆயா அதே கூடையோடு உட்கார்ந்திருந்தார். படத்தை அவருக்குக் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செல்லை அவர் கையில் கொடுத்தேன். வெயிலுக்கு முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை பார்த்தார்.

"என் கை இவ்ளோ கறுப்பாவா கீது?" என்று சிரித்தார். பிறகு கேட்டார்.

"ஆமா, அந்த அஞ்சாவது செருப்பு யாருதுன்னு கடைசி வரைக்கும் சொல்லலியே?"

"இது ஆரம்பம் மட்டும்தான் ஆயா. மீதிப் படம் நாங்க எடுக்கவே இல்ல."

செல்லை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எடுங்க பாப்பா. யாருதுன்னு தெரியணும்ல."