உரசினால்தான் ஓடும்

ஷாக் அப்சார்பர் என்றதும் பைக்கின் பின்சக்கரத்தில் ஸ்பிரிங் சுற்றிய குழாய்தான் பலருக்கும் ஞாபகம் வரும். 1924-ல் லியோன் நகரில், பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் அறிமுகமான புகாட்டி டைப் 35-ல் அப்படி எண்ணெய் நிரப்பிய குழாயெல்லாம் கிடையாது. இரண்டு கைகள், நடுவில் ஒரு போல்ட், அதில் அடுக்கிய வட்டத் தட்டுகள். அவ்வளவுதான்!

உண்மையில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஆனால் வாங்கியதை அதற்கு வைத்துக்கொள்ளத் தெரியாது. மறுபடி மறுபடி குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்குவதுதான் டேம்பரின் வேலை. இரும்புத் தட்டும் மரம் அல்லது தோல் போன்ற பொருளில் செய்த தட்டும் மாறி மாறி உரச, குதிக்கும் ஆற்றல் சூடாக மாறிப் போய்விடும்.

இந்த ரக டேம்பரைப் பழுது பார்ப்பது பார்வைக்கு எளிது. போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, குழி விழுந்த இரும்புத் தட்டைச் சமமாகத் தேய்த்து, உரசும் தட்டைப் புதிதாக மாற்ற வேண்டும். பழைய தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். நட்டை எவ்வளவு முறுக்குவது? ஒரு கையை வைஸில் பிடித்து, மறு கையின் நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும். கை நகரும்போது தராசு காட்டும் எடை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதிகம் முறுக்கினால் சின்னக் குழிகளில் ஸ்பிரிங் அசையாமல் கார் கட்டைவண்டி மாதிரி போகும். குறைவாக முறுக்கினால் சக்கரம் தரையில் நிற்காது. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய வண்டியில், அதுவும் ஒல்லி டயரில், இது விளையாட்டல்ல.

எண்ணெய் டேம்பரில் வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடும். உரசும் தட்டுக்கு அந்தப் புத்தி இல்லை. அசையத் தொடங்கும்போதுதான் அதிகம் அடம் பிடிக்கும், அசைந்துவிட்டால் கொஞ்சம் இளகும். "அப்படியானால் பழைய கூட்டுக்குள் நவீன டேம்பரை ஒளித்து வைத்துவிடலாமே?" என்று கேட்கத் தோன்றும். வைக்கலாம், கார் நன்றாகவே ஓடும். ஆனால் 1924-ன் ஓட்டுநர் எதோடு மல்லுக்கட்டினார் என்பதை அந்தக் கார் இனிமேல் சொல்லாது. தட்டு தேயும் பொருள், பிரேக் ஷூ போல; அதை மாற்றுவதில் தவறில்லை. வேலை செய்யும் முறையையே மாற்றினால், மிஞ்சுவது பழைய கூடு மட்டும்தான்.