டோம்பிவிலியில் ஒரு வீடு

நம்மவர் ஒருவரை மும்பையில் சந்தித்து, ‘ஜாகை எங்கே?’ என்று வினவினால், நம் பெற்றோர் காலத்தில் மாட்டுங்கா என்றோ செம்பூர் என்றோ விடை வரும். இன்று அவ்விடையில் டோம்பிவிலியின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து ஏறக்குறைய 48 கிலோமீட்டர் தொலைவில், தானேக்கும் கல்யாணுக்கும் இடையே அமைந்த ஊர் இது. ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்கு இது குடியிருக்கும் ஊருங்கூட. வீடு வாங்கும் எண்ணத்துடன் நம்மிடம் விசாரிக்கும் அன்பர்கள் பலராதலின், கண்டதையும் அறிந்ததையும் இங்கே எழுதலானோம்.

1853-ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து தானே வரை ஓடிய ரயில், மறு ஆண்டே கல்யாணைத் தொட்டுவிட்டது. ஆயினும் டோம்பிவிலி நெடுங்காலம் வயலும் உப்பங்கழியும் சூழ்ந்த சிற்றூராகவே இருந்தது. நகரத்திலோ 1947-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பழைய வாடகைகளை அப்படியே உறையச் செய்தது. குடியிருந்தோருக்கு அது வரப்பிரசாதம். புதிதாக வந்தோருக்கு, வாடகைக்கென்று வீடு கட்டுவார் அருகியமையால், ‘பகடி’ என்னும் முன்தொகை கொடாமல் ஓர் அறை கிட்டுவதும் அரிதாயிற்று. மாதச் சம்பளக்காரர் என் செய்வார்? ரயில் ஓடும் திசையில் நகர்ந்தார். 1960-களில் இங்கே தொழிற்பேட்டை தோன்றியது. 1983-இல் கல்யாண்–டோம்பிவிலி மாநகராட்சி அமைந்தது.

இவ்வூர் வாழ்க்கையை நடத்துவது ரயில்வே டைம்டேபிள். எட்டு மணி வண்டி என்று பொதுப்படக் கூறுவார் இங்கில்லை. நிமிடத்தைச் சுட்டி, விரைவு வண்டியா, மெது வண்டியா, இங்கேயே புறப்படுவதா, கர்ஜத்திலிருந்து நிரம்பி வருவதா என்று சொல்வார்கள். விரைவு வண்டியில் முனையத்தை அடைய ஒரு மணிக்குச் சற்று மேலாகும். உட்கார இடம் வேண்டுமென்பதற்காக, எதிர்த்திசையில் கல்யாண் வரை சென்று அதே வண்டியில் திரும்புவோரும் உண்டு. பெண்கள் பெட்டியில் மாலை வேளையில் கீரை ஆய்வதும் பட்டாணி உரிப்பதும் நடக்கும். வீடு சேரும்போது பாதிச் சமையல் முடிந்திருக்கும். ஆண்கள் பெட்டியில் பஜனை கோஷ்டி தாளம் தட்டும். இவை யாவும் கேட்க இனிமையே. ஆனால் 2025 ஜூன் 9-ஆம் தேதி மும்பரா அருகே, வாயிற்படியில் தொங்கிச் சென்ற பயணிகள் கீழே விழுந்து சிலர் மாண்டனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. வீட்டின் விலையைக் கணக்கிடும் அன்பர், நாள்தோறும் இவ்வழியே செல்லும் உடம்பையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் வந்துவிட்டால் மனம் குளிரும். பட்கே சாலையில் தீபாவளிக் காலையில் இளைஞர் கூட்டம் புத்தாடையுடன் திரளும் காட்சியும், குடி பாட்வா என்னும் மராட்டிப் புத்தாண்டன்று நடைபெறும் ஊர்வலமும் காணத்தக்கவை. 2017-இல் அகில பாரதீய மராட்டி இலக்கிய மாநாடு இவ்வூரில்தான் நடைபெற்றது. சங்கீதம், நாடகம், புத்தகம் இவற்றில் நாட்டமுள்ள மக்கள். நம்மவர் மார்கழியில் வாசலில் அரிசிமாக் கோலம் இட்டால், அடுத்த வீட்டு மராட்டிய அம்மையார் தம் வண்ண ரங்கோலியுடன் ஒப்பிட்டுப் பார்த்து இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார். இட்டிலிக்கு அரைத்த மாவு கடையிலேயே கிடைக்கிறது. அது சரியாகப் புளிக்கிறதா என்பது வேறு விஷயம்.

குறைகளும் உண்டு. மழைக்காலத்தில் தெருக்கள் குளமாகும். தொழிற்பேட்டையை அடுத்த பகுதிகளில் சில இரவுகளில் இரசாயன நெடி மூக்கைத் துளைக்கும். 2016 மே மாதத்திலும் 2024 மே மாதத்திலும் அங்கே நேர்ந்த வெடிவிபத்துகளில் பலர் உயிரிழந்தனர். தொலைவிலிருந்த வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகளும் நொறுங்கின. மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்பக்கம் வீடு பார்ப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி வீடு வாங்கும் காரியத்துக்கு வருவோம். ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷம்’ என்று விளம்பரம் கூறும். அவ்வைந்து நிமிஷத்தில் ஷேர் ஆட்டோ வரிசையில் நிற்கும் நேரம் அடங்காது. சதுர அடிக் கணக்கிலும் இத்தகைய ஜாலம் உண்டு. மாடிப்படி, லிப்ட், நடைபாதை யாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்துச் சொல்லும் கணக்கை நம்பாமல், ‘கார்ப்பெட்’ பரப்பு எவ்வளவு என்றே கேட்க வேண்டும். கட்டுபவர் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாங்குவதானால், முதலில் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் ‘ரெரா’ சட்டம். இதை அறியாமல் கைச்சீட்டை நம்பி இலட்சங்களைக் கொடுத்துவிட்டு அலைவோரை நாம் அறிவோம்.

ரெரா எண் இருந்தால் போதும் என்று நிம்மதி கொள்ளவும் இடமில்லை. இவ்வூரிலேயே 65 கட்டடங்கள், மாநகராட்சி அனுமதி போன்ற பொய்ப் பத்திரங்களைக் காட்டி ரெராப் பதிவு பெற்றவை என்று வெளிப்பட்டது. அவற்றை இடிக்குமாறு 2024 நவம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றில் குடியேறியிருந்தோர் யார்? நம்மைப் போன்ற சம்பளக்காரரே. வங்கி கடன் கொடுத்ததே, பதிவு அலுவலகம் முத்திரை குத்தியதே, பிறகென்ன ஐயம் என்று எண்ணியவர்கள். வீடு இடிந்தாலும் தவணை நில்லாது என்ற நிலையில் ஒரு குடும்பம் இரவு எப்படி உறங்கும்?

இக்குழப்பத்துக்கு ஒரு பழைய வேரும் உண்டு. ஊரைச் சுற்றிய 27 கிராமங்கள் 2002-இல் மாநகராட்சியிலிருந்து நீக்கப்பட்டு, 2015-இல் மீண்டும் சேர்க்கப்பட்டன. இடைக்காலத்தில் எழுந்த கட்டடத்துக்கு அனுமதி தரும் அதிகாரம் யாருடையது என்று கேட்டால், ஆளுக்கொரு விடை கிடைக்கும்.

ஆகவே, காகிதத்தின் நகலைக் கட்டுபவரிடம் பெற்றுக்கொண்டு, அதன் மெய்ம்மையை அதை வழங்கிய அலுவலகத்திலேயே கேட்டறிவதுதான் வழி. நிலத்துக்கு ‘சாத்பாரா’ என்னும் ஏழு-பன்னிரண்டு பத்திரம். கட்டத் தொடங்க மாநகராட்சி தந்த அனுமதி. கட்டி முடிந்ததாயின் குடிபுகும் சான்று. முன்னதை வருவாய்த்துறையிலும், மற்றவற்றை மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவிலும் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஒரு நாள் லீவு போகும். வக்கீலுக்குச் சிறிது செலவாகும். பழைய கட்டடமானால், நிலம் சொசைட்டியின் பெயருக்கு மாற்றப்பட்டுவிட்டதா என்று செயலாளரிடம் கேட்பது அவசியம். பல கட்டடங்களில் குடிவந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலம் பழையவர் பெயரிலேயே கிடக்கிறது. வீட்டை மனைவியின் பெயரில் மட்டும் வாங்கினால் மராட்டிய மாநிலத்தில் முத்திரைத் தீர்வையில் நூற்றுக்கு ஒன்று குறைவு. இச்சலுகை 2021 முதல் உண்டு.

வீடு பார்க்க வருவோர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறார்கள். அப்போது வண்டியில் இடமிருக்கும், தெரு உலர்ந்திருக்கும். ஆடி மாதத்து வேலை நாள் ஒன்றில் வந்து, காலை எட்டு மணிக்கு அவ்வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு ஒருமுறை தாதர் வரை சென்று பார்ப்பது உத்தமம். நம் வீட்டுக்கு முந்திய நாளே வந்துவிட்டால், காலையில் ஒரு வாய்க் காப்பி குடித்துவிட்டுச் சேர்ந்தே கிளம்பலாம்.